ஏழாம் வாசல்

நெய்யாற்றின்கரையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் ஜெயசிங் கண்டக்டராக இருந்தான். தோளில் தோல்பை, காதில் பென்சில், தமிழிலும் மலையாளத்திலும் ஒரே வேகத்தில் வசவு. ஆனால் ஐப்பசி பிறந்து மலையில் மழை விழ ஆரம்பித்துவிட்டால் யாரும் அவனைக் கண்டக்டர் என்று கூப்பிடுவதில்லை. சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோகும் பெண்கள்கூட, "சாம்பியனே, இந்த வருசமும் உண்டும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டுக்குக் காசை நீட்டுவார்கள்.

அந்தப் பந்தயத்தை அங்கே கொண்டுவந்தவர் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர். மலைத் தேயிலைத் தோட்டத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பெயர் ஷ்மிட், ஊர் வாயில் சுமித்து துரை. பாறைக்கடவில் நெய்யாறு கற்களுக்கிடையே நுரைத்து இறங்குவதைப் பார்த்ததும் அவருக்குத் தம் நாட்டு விளையாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. ஆற்றின் குறுக்கே மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து மூங்கில் கம்புகளைச் சோடி சோடியாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு சோடியும் ஒரு வாசல். ஒற்றையாள் வள்ளத்தில் மேலே புறப்பட்டு, எல்லா வாசல்களிலும் வரிசையாக நுழைந்து, கீழே வந்து சேர வேண்டும். கம்பில் உடம்போ துடுப்போ பட்டுவிட்டால் பத்து நொடி கூட்டிவிடுவார்கள். சிவப்புச் சாயம் பூசிய வாசல்கள் இன்னும் மோசம். அவற்றைத் தாண்டி இறங்கி, வள்ளத்தைத் திருப்பி, ஆற்றின் ஒழுக்கை எதிர்த்து மேலேறி நுழைய வேண்டும்.

முதல் வருசம் ஜெயசிங் தன் தோள்பலத்தை நம்பி இறங்கினான். பாதிக் கம்புகளை இடித்துத் தள்ளி, நாலாவது வாசலில் வள்ளம் கவிழ்ந்து, கரையில் நின்ற கூட்டம் சிரிக்கச் சிரிக்க நீந்தி வந்தான். அந்தச் சிரிப்பு அவனை ஒரு வருசம் தூங்கவிடவில்லை. விடுமுறை நாளெல்லாம் பாறைமேல் உட்கார்ந்து தேங்காய்த் தொண்டுகளை ஒவ்வொன்றாக ஆற்றில் எறிவான். தொண்டு ஒழுக்கில் சீறிக்கொண்டு போகும். பெரிய கல்லைத் தாண்டியதும் சட்டென்று வேகம் அடங்கி, கல்லின் முதுகுப் பக்கமாகத் திரும்பி, மெல்ல மேல்நோக்கி ஏறி வரும். ஆறு என்றால் கீழே போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஆற்றில் ஒரு துண்டு திரும்பி ஏறுகிறது என்பது அவனுக்குப் பெரிய சேதியாக இருந்தது. அந்தத் துண்டுகளில் வள்ளத்தின் மூக்கை வைத்தால் போதும், மீதியை ஆறே செய்துவிடும்.

அடுத்த வருசம் ஜெயித்தான். அதற்கடுத்து மூன்று வருசமும் அவனை யாராலும் நெருங்க முடியவில்லை. நடுவில் ஒருமுறை திருவனந்தபுரத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று கரமனை ஆற்றுக்குப் போய் ஒரு நேர்ப்பந்தயத்தில் துடுப்புப் போட்டுக் கடைசியாக வந்தான். "கெடக்கிற வெள்ளத்தில நான் ஒண்ணுமில்ல கேட்டியளா, ஓடுகிற வெள்ளத்திலயாக்கும் எனக்க காரியம்" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். சுமித்து துரை ஊருக்குப் போன பிறகு பாறைக்கடவு வாலிபர் சங்கம் பந்தயத்தை ஏற்று நடத்தியது. தொடர்ந்து ஐந்து வருசம் ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை சொந்தம் என்று ஒரு விதியும் எழுதினார்கள். அந்த ஐந்தாவது வருசம் ஐம்பத்தி நாலாக அமைந்தது.

ஐம்பத்தி நாலில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் வேறு பேச்சு இல்லை. தமிழ் பேசும் தாலுகாக்கள் மதராசோடு சேர வேண்டும் என்ற போராட்டம் தெருவுக்கு வந்திருந்தது. பஸ்ஸில் ஒரு சீட்டில் இருப்பவர் "நெய்யாற்றின்கரையும் நமக்குத்தான்" என்பார்; பின் சீட்டில் இருப்பவர் மலையாளத்தில் முணுமுணுப்பார்; ஜெயசிங் இருவருக்கும் நடுவில் நின்று சில்லறை கொடுப்பான். ஆடி மாதக் கடைசியில் புதுக்கடை ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களின் பெயர்கள் வீட்டுக்கு வீடு ஜெபத்தில் சொல்லப்பட்டன. ஜெயசிங்கின் மனைவி விமலகுமாரியின் அண்ணன் ராஜையா, பாறசாலையில் தையல்கடை வைத்திருந்தவர், உயிரோடு வந்தார். ஆனால் முழங்காலில் குண்டு. தையல் மிஷினை மிதித்த வலது கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வருசம் பந்தயம் வேண்டாம் என்றுதான் ஜெயசிங் நினைத்தான். ராஜையாவைப் பார்க்கப் போனபோது அதைச் சொல்லவும் செய்தான். கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த ராஜையா தலையைத் தூக்கினார்.

"எலே, நீ எறங்காம இருந்தா அந்தப் பாஸ்கரன் கப்பைக் கொண்டு போவான். பின்ன, மலையாளத்தான்தான் ஜெயிச்சான்னு பத்து ஊருல பேசுவினும். ஆடியில விழுந்த அடி போதாதா நமக்கு?"

"பாஸ்கரன் நல்ல பயலாக்கும் மச்சான். அவனுக்கும் நமக்கும் என்ன வழக்கு?"

"அவனுக்கும் ஒனக்கும் வழக்கில்ல. இது ஒனக்க காரியமும் இல்ல மக்கா, நமக்க காரியமாக்கும். எனக்க காலைப் பாரு. பாத்துட்டுச் சொல்லு, எறங்க மாட்டேன்னு."

ஜெயசிங் காலைப் பார்த்தான். மறுநாள் வள்ளத்தை எடுத்துத் துடைத்து வைத்தான்.

பந்தய நாளில் இரண்டு கரையும் தலைகளால் கறுத்துக் கிடந்தன. வழக்கமாகக் கலந்து நிற்கும் கூட்டம் அன்று யாரும் சொல்லாமலே பிரிந்து நின்றது: தெற்குக் கரையில் தமிழ் பேசுகிறவர்கள், வடக்குக் கரையில் மலையாளம் பேசுகிறவர்கள். ராஜையாவை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து தெற்குக் கரையில் வைத்தார்கள். விமலகுமாரி அவர் பக்கத்தில் குடை பிடித்து நின்றாள்.

ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நடுவர் உண்டு. ஏழாம் வாசலுக்குக் காந்திமதிநாதன் பிள்ளை. தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. காஞ்சிரங்குளத்துப் பக்கம் நிலம் உள்ள பழைய சைவக் குடும்பம். வீட்டில் தேவாரமும் தமிழும்தான். ஆனாலும் அரசாங்கத்து ஆள் என்பதால் போராட்டக்காரர்கள் அவரைக் கண்டால் காறித் துப்பினார்கள். அவர் துடைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போவார். ஏழாம் வாசல் நட்டாற்றில், பெரிய பாறை ஒன்றை ஒட்டித் தொங்கியது. தெற்குக் கரையிலிருந்து ஒரு தென்னந்தடியைப் பாலமாகப் போட்டு, பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி அந்தப் பாறைக்குப் போய், கம்பில் பட்டால் உயர்த்திக் காட்டுவதற்கான சிவப்புத் துணியோடு நின்றார். நீச்சல் தெரியாது அவருக்கு.

பாஸ்கரன் முதலில் இறங்கி, ஒரு கம்பையும் தொடாமல் வந்து சேர்ந்தான். வடக்குக் கரை ஆர்ப்பரித்தது. பிறகு ஜெயசிங் வள்ளத்தில் முட்டியூன்றி உட்கார்ந்தான்.

ஒழுக்கில் வள்ளம் விழுந்துவிட்டால் அவனுக்கு எந்த நினைப்பும் இருக்காது. அதற்காகவே வருசம் பூராவும் காத்திருப்பான். காதில் தண்ணீரின் இரைச்சல், கண்ணில் அடுத்த வாசல், அவ்வளவுதான் உலகம். அன்று அப்படி இல்லை. மடங்காத ஒரு கால் அவனோடு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. முதல் ஆறு வாசல்களையும் வேகமாகக் கடந்தான், ஆனால் தன் வேகத்தில் அல்ல. யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி. ஏழாவது வாசல் சிவப்பு. பாறையைத் தாண்டி இறங்கி, பின்னால் ஏறிவரும் தண்ணீரில் மூக்கைச் செருகித் திரும்ப வேண்டும். ஒரு துடுப்பு முந்திப் போட்டுவிட்டான். வள்ளம் குறுக்கே சாய்ந்தது. இடுப்பை வளைத்து உடம்பைக் கம்புகளுக்கிடையே இழுத்துக்கொண்டபோது, நனைந்த சட்டையின் மேல், இடது தோளில், மூங்கில் மெல்ல உரசிற்று. கொசு உட்கார்ந்து எழுந்த அளவு. கம்பு ஆடியது. காற்றும் அப்போது வீசிக்கொண்டுதான் இருந்தது.

கீழே வந்து சேர்ந்தபோது தெற்குக் கரை முழுக்க அவன் பெயர். பாஸ்கரனைவிட மூன்று நொடி குறைவு என்று யாரோ கத்தினார்கள். ஆட்கள் தண்ணீரில் இறங்கி அவன் வள்ளத்தைத் தூக்கப் போனார்கள். அப்போதுதான் மேலே பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். பாறைமேல் காந்திமதிநாதன் பிள்ளை சிவப்புத் துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காத்துல ஆடின கம்புக்கா துணியக் காட்டுகாரு?" என்றது ஒரு குரல். அடுத்தது, "காட்டிக் கொடுக்கதே வேலையாப் போச்சு கச்சேரிப் பிள்ளைக்கு." அதற்கடுத்ததற்கு வார்த்தை இல்லை, கல் மட்டும்தான் இருந்தது. முதல் கல் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது பாறையில் பட்டுத் தெறித்தது. யாரோ தென்னந்தடியின் இந்த முனையைப் புரட்டிவிட்டார்கள். அது ஒழுக்கில் உருண்டு போயிற்று. பாறை தனித்து நின்றது. பிள்ளை துணியைத் தாழ்த்தவில்லை.

"நான் கண்டதெக் காட்டினேன்" என்று கூவினார். மெலிந்த குரல், இரைச்சலில் பாதிதான் கேட்டது. "கண்டதெக் காட்டினேன்!"

ஜெயசிங் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது தோள் எரிகிற மாதிரி இருந்தது. அந்த உரசலுக்கு எரிய நியாயமில்லை. ராஜையா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஒரு கையால் விமலகுமாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஆடி மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக உயிர் இருந்தது. ஜெயசிங் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். கரையிலிருந்து நாலைந்து இளைஞர்கள் கையைக் கோத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். ஒரு கல் பிள்ளையின் நெற்றியில் பட்டது. அவர் உட்கார்ந்தார், துணியை விடாமல்.

அப்போதுதான் அவன் அசைந்தான். வள்ளத்தில் தாவி ஏறி மேல்நோக்கித் துடுப்பைப் போட்டான்.

அந்த இடத்தில் ஒழுக்கை எதிர்த்து ஏழாம் வாசல்வரை யாரும் ஏறியதில்லை. ஜெயசிங் ஏறினான். ஒரு கல்லின் முதுகிலிருந்து அடுத்த கல்லின் முதுகுக்கு, ஏறிவரும் தண்ணீரில் மூச்சு வாங்கி, இறங்கும் தண்ணீரைக் குறுக்கே வெட்டி, மறுபடி ஒதுங்கி, மறுபடி வெட்டி. யாரையும் அவன் சுமக்கவில்லை இப்போது. நொடி எண்ண ஆளில்லாத அந்த ஓட்டம்தான் அவன் ஓட்டியதிலேயே நல்லது என்று வடக்குக் கரையில் நின்ற பாஸ்கரன் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பாறையில் வள்ளத்தை ஒட்டி நிறுத்தி, ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு ஜெயசிங் கத்தினான்.

"தொட்டேன்! எடத்தோள் பட்டுது. அவரு காட்டினது உள்ளதாக்கும்!"

தண்ணீரில் கைகோத்து வந்தவர்கள் நின்றார்கள். கரை நம்பவில்லை. "பயந்துட்டுச் சொல்லுகான்" என்றார்கள். "எத்தற ரூவா வாங்கினே?" என்றார்கள். அவன் இன்னொரு முறை சொன்னான், இந்த முறை கத்தாமல், ராஜையாவைப் பார்த்து. "மச்சான், நான் தொட்டேன்." ராஜையாவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஓங்கிய கை இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜெயசிங் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றி மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு ஒழுக்கில் விட்டான். அடுத்த வாசல்களின் கம்புகள் தலையிலும் தோளிலும் அடித்தன. ஒருவரும் எண்ணவில்லை. வடக்குக் கரையில் பாஸ்கரன் கழுத்தளவு இறங்கி வள்ளத்தைப் பிடித்தான்.

"சேட்டா, சத்யமாணோ?" என்று கேட்டான்.

"சத்யம்தான்டே. கப்பு ஒனக்கு."

பாஸ்கரனுக்கு அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை. பிள்ளை நெற்றி ரத்தத்தைச் சிவப்புத் துணியாலேயே துடைத்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று ஜெயசிங் நினைத்தானோ என்னவோ, அவர் சொன்னது இதுதான்:

"நீ சொல்லலேண்ணாலும் நீ தொட்டதுதான். கேட்டியா?"

"கேட்டேன் சார்" என்றான் ஜெயசிங்.

அன்று வீட்டில் விமலகுமாரி சோறு போட்டாள். அவன் சாப்பிட்ட தட்டை எடுத்தாள். பிறகு, "தொட்டது உள்ளதுதானா?" என்று கேட்டாள்.

"உள்ளதாக்கும்."

"அப்ப, சொல்ல ஏன் இத்தற நேரம் பிடிச்சுது? பிள்ளைக்க தல பொட்டினதுக்குப் பிறகுல்லா நீங்க எளகினிய. நான் பாத்துட்டு நிண்ணேன்."

ஊர் முழுக்க அவன் ஏன் சொன்னான் என்று கேட்டது. ஏன் அதற்கு முன்பே சொல்லவில்லை என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். ஊர்க்கேள்விக்கு அவன் கோபப்பட்டான். அவள் கேள்வியைத் தனியாக வைத்துக்கொண்டான். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதும், ஆராதனையில் பாட்டு முடிந்து எல்லோரும் கண் மூடும்போதும், அந்தக் கேள்வியை எடுத்துப் பார்ப்பான். அண்ணனின் முகத்தில் வந்த உயிரை அணைக்க மனம் வரவில்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியும். ஆனால் அது முழு உண்மை இல்லை. கோப்பையும் வேண்டியிருந்தது. நாலு வருசம் ஜெயித்தவனுக்கு ஐந்தாவதும் வேண்டியிருந்தது. அதற்கு மச்சானின் கால் ஒரு நல்ல நியாயமாக இருந்தது. இதை அவளிடம் சொல்ல அவனுக்குப் பல மாதம் பிடித்தது. சொன்னபோது அவள், "எனக்கு அது அண்ணைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

அந்த ஒரு வருசம் கஷ்டமாகத்தான் போயிற்று. பாறசாலைக்காரர்கள் சிலர் அவன் பஸ் வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். வேதக்கோவிலில் அவன் உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மலையாளம் பேசுகிறவர்கள் அளவுக்கு மீறிப் புகழ்ந்தது அதைவிட மோசம். "எங்கள் ஆள்" என்று ஒருத்தர் தோளில் கைபோட்டபோது, "நான் யாருக்க ஆளும் இல்ல சார், எறங்க வேண்டிய எடம் வந்தாச்சு" என்று அவரை இறக்கிவிட்டான். ராஜையா அவனோடு பேசவில்லை. விமலகுமாரி மட்டும் போய் வந்தாள். அடுத்த இரண்டு ஐப்பசியிலும் பந்தயமே நடக்கவில்லை. இரண்டு கரையையும் ஒரே இடத்தில் கூட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை விழுந்தது. விளவங்கோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். பாறசாலை கேரளத்தில் மாட்டிக்கொண்டது. ராஜையா தையல் மிஷினைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி, நடந்தே போய்விடக்கூடிய தூரத்திலிருந்த களியக்காவிளைக்குக் குடிபோனார். அது மதராஸ் மாநிலம். மிதிக்க முடியாத மிஷினை மகள் மிதித்தாள். அவர் வெட்டிக் கொடுத்தார். மழை அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில்தான் பெய்கிறது என்று தங்கையிடம் சிரித்தாராம்.

ஐம்பத்தேழில் வாலிபர் சங்கத்தார் மறுபடி கயிறு கட்டினார்கள். ஜெயசிங்குக்கு முப்பது தாண்டியிருந்தது. பஸ் குலுக்கலில் இடுப்பு வலி வேறு. பாஸ்கரன் நேரில் வந்து, "சேட்டன் இறங்கியில்லேங்கில் நானும் இல்ல" என்று நின்றதால் ஒத்துக்கொண்டான். ஏழாம் வாசலுக்கு யாரை நிறுத்துவது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது ஜெயசிங்தான் பிள்ளையின் பெயரைச் சொன்னான். நெற்றித் தழும்போடு அவர் மறுபடி பாறைக்குப் போனார். இந்த முறை பாலத்துக்கு இரண்டு தென்னந்தடி.

கூட்டம் பழையபடி கலந்து நிற்கவில்லை. ஆனால் அன்றுபோல் முழுக்கப் பிரிந்தும் நிற்கவில்லை. ஜெயசிங் இறங்கினான். முதல் வாசலிலேயே தண்ணீரின் இரைச்சல் காதை நிறைத்தது, மற்றதெல்லாம் போயிற்று. அவன் மறந்தே போயிருந்த அந்த வெறுமை அப்படியே திரும்பி வந்தது. மூன்றாவதா நாலாவதா என்று தெரியவில்லை, ஒரு வாசலில் திரும்பும்போது தெற்குக் கரையிலிருந்து ஒரு குரல் மட்டும் அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"எடத்தே பிடி மக்கா! எடத்தே பிடி!"

அவன் இடப்பக்கம் பிடித்தான்.

ஒரு கம்பையும் தொடவில்லை. ஆனால் பாஸ்கரன் இளையவன். வேகத்தில் நாலு நொடி முந்திவிட்டான். கோப்பை அவனிடமே இருந்தது. ஜெயசிங் வள்ளத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கட்டைக் கம்பை ஊன்றி, மடங்காத காலைச் சுழற்றிச் சுழற்றி வைத்து ராஜையா வந்துகொண்டிருந்தார். வெட்டுக்கத்திரித் தழும்பேறிய விரல்கள் கம்பைப் பிடித்திருந்தன. மூன்று வருசத்தில் கிழடு தட்டியிருந்தார்.

ஜெயசிங் அவரை நோக்கி நடந்தான். "எல்லையெல்லாம் தாண்டி வந்திருக்கிய மச்சான்" என்றான்.

"பஸ்ஸுல வந்தேன். ஒனக்க பஸ்ஸில்ல, வேற பஸ்ஸு." ராஜையா ஆற்றைப் பார்த்தார். "அந்த ஏழாம் வாசல் பாறைக்க பக்கம் நீ கொஞ்சம் முந்தித் திருப்பியிருக்கணும். மூணு நொடி அங்க போச்சு."

"முந்தித் திருப்பினா கம்புல படும்."

"படாது."

"படும் மச்சான். எனக்குத் தெரியும்."

ராஜையா அவனை உற்றுப் பார்த்தார். "செரி, ஒனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "வயறு பசிக்கி. வீட்டில என்ன உண்டும்?" என்று கேட்டார்.

"மரச்சீனியும் மத்திக்கறியும்."

"வா, போவம்."

கரை மேட்டில் ஈரமண் வழுக்கிற்று. ஜெயசிங் கையை நீட்டினான். ராஜையா முதலில் கம்பை ஊன்றிப் பார்த்தார், அது புதைந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.